லிப்போ பெட்டரியில் வயர் வைக்கும்போது செய்யக்கூடாதவை

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் வீடுகளில் பழுதாகிக் கிடக்கும் புளூடூத் ஸ்பீக்கரையோ பிள்ளைகளின் விளையாட்டு ஹெலிகொப்டரையோ திறந்தால், உள்ளே பெரும்பாலும் வெள்ளிநிறத் தட்டைப் பொதி ஒன்று இருக்கும். அதுதான் லித்தியம் பொலிமர் பெட்டரி, சுருக்கமாக லிப்போ. அதன் வயர் அறுந்தால் வீட்டிலேயே ஈயம் வைத்துவிடலாம், அதாவது சோல்டர் செய்துவிடலாம். ஆனால் ஈயம் வைக்க வேண்டியது பெட்டரியின் உடம்பில் அல்ல, தலைப்பக்கம் மஞ்சள் டேப்புக்குள் இருக்கும் சின்னப் பாதுகாப்பு போர்ட்டில்.

அந்த போர்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பொதியிலிருந்து நீளும் தகட்டிலேயே வயரை ஒட்டப் பார்ப்பவர்கள் உண்டு. நேர்முனைத் தகடு பெரும்பாலும் அலுமினியம், அதில் சாதாரண ஈயம் பிடிக்காது. பிடிக்கவில்லையே என்று இன்னும் சூடாக்கினால் வெப்பம் தகடு வழியாக உள்ளே இறங்கும். உள்ளே இரு முனைகளையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள். பொலிஎதிலீன் என்றால் ஏறக்குறைய 130 பாகை செல்சியஸில் உருகும், சோல்டரிங் அயன் நுனியோ 350 பாகையில் இருக்கிறது.

அதற்காக அயன் சூட்டைக் குறைத்துவிடாதீர்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சூடு குறைந்த அயனையோ ஊசி நுனியையோ வைத்தால் ஈயம் உருகும்வரை பத்துப் பதினைந்து விநாடி அழுத்திக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவு நேரமும் வெப்பம் பெட்டரிக்குள் போகும். அகல நுனி, நல்ல சூடு, முன்கூட்டியே ஈயம் பூசிய வயர். இவை இருந்தால் இரண்டு விநாடியில் வேலை முடியும். ஒட்டவில்லையா, ஆறவிட்டு மறுபடி தொடுங்கள்.

தகரம் ஒட்டுகிற அமிலத்தைத் தொடவே வேண்டாம். நுவரெலியா மூடுபனியில் அதன் மிச்சம் ஈரத்தை உறிஞ்சி, சில மாதத்தில் செம்பைப் பச்சையாக்கித் தின்றுவிடும். ஈயம் பிடிக்கத் தடவும் ரோசின் பிசின் போதும்.

வெப்பத்தைவிட எனக்குப் பயம் ஷோர்ட்தான். பழைய வயர் இரண்டையும் ஒரே வெட்டாகக் கட்டரால் நறுக்கினால் கட்டரின் வாயே இரண்டு முனையையும் இணைத்துவிடும். பாதுகாப்பு போர்ட் இல்லாத பொதியில் அந்த மின்னோட்டத்தைத் தடுக்க எதுவுமில்லை. ஒன்றை வெட்டி டேப் சுற்றிய பிறகே மற்றதைத் தொடுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள்.

முழுச் சார்ஜில், அதாவது 4.2 வோல்ட்டில் வேலை செய்யாதீர்கள். 3.7, 3.8 வோல்ட் இருந்தால் நல்லது. உப்பிய பெட்டரியை ஒதுக்கிவிடுங்கள். காற்றை இறக்குகிறேன் என்று ஊசியால் குத்துவது படுமுட்டாள்தனம்.

லயத்தில், அதாவது ஒரே கூரையின் கீழுள்ள தோட்டத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் அறைக்குள் வேலை செய்யவே கூடாது. ஒரு காம்பிராவில் பிடித்த நெருப்பு அந்தக் கூரை முழுக்க ஓடும். காற்றோட்டமான இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்), பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணலோடு உட்காருங்கள். புகை வந்தால் எட்டிப்போங்கள், அதில் நச்சு வாயு உண்டு.

சரி, வயர் வைத்தாயிற்று, மீட்டர் சைபர் காட்டுகிறது. உடனே பிரித்து மறுபடி சூடு வைக்க வேண்டாம். சில பாதுகாப்பு போர்ட்டுகள் பெட்டரியைக் கழற்றி மாட்டியதும் தூங்கிவிடும், சார்ஜரை ஒருமுறை செருகினால் விழிக்கும்.