கைப்பேசிச் செய்தியில் கணக்குக் குறிகளைச் சிதையாமல் எழுதும் முறை

காரைக்குடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லித்தருகிறேன். வீட்டுக்கணக்கைக் கைப்பேசியில் அனுப்புவது வழக்கம். ஒருமுறை கணினிக் கோப்பிலிருந்து 10³ என்பதைப் படியெடுத்து ஒட்டியபோது, மேலே இருந்த 3 கீழே இறங்கி 103 ஆகிவிட்டது, கவனியாமல் அனுப்பிவிட்டேன். மறுநாள் எல்லோரும் 103-ஐ வைத்தே ஒழுங்காகப் போட்டு வந்திருந்தார்கள். பிழை என்னுடையது. கோப்பில் இருந்தது வெறும் 3. அதை மேலே தூக்கிக் காட்டியது வடிவமைப்பு மட்டுமே என்பதால், சாதாரண எழுத்தாக ஒட்டும்போது அது உதிர்ந்துவிடுகிறது.

எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் அடுக்குகளுக்கென்றே தனி எழுத்துகள் உள்ளன. அவற்றை இட்டால் எங்கே ஒட்டினாலும் மாறா. பல ஆண்ட்ராய்டு விசைப்பலகைகளில் எண் பக்கத்துக்குச் சென்று 2-ஐ அழுத்திப் பிடித்தால் ² கிடைக்கும். 1-ஐ அழுத்திப் பிடித்தால் ½, ¼ ஆகியவை வரும். விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்பக்க எண்பலகையில் 0178 என்று தட்டினால் ², 0215 என்று தட்டினால் × வரும். அடுக்கே ஒரு கோவையாக இருந்தால், அடுக்கைக் காட்டும் ^ குறியிட்டு 2^(5 + 1) என அடைப்புக்குறியோடு எழுதுவது நல்லது.

அடைப்புக்குறிதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். 24 அடி நீளமும் 16 அடி அகலமும் உள்ள முகப்புக்கு, 8 அங்குலச் சதுர ஆத்தங்குடித் தரைக்கல் எத்தனை வேண்டும்? அங்குலத்துக்கு மாற்றினால்,

(288 × 192) / (8 × 8) = 864

என்று வரும். தாளில் நீளக் கோடு போட்டு மேலும் கீழும் எழுதுவதால் குழப்பமில்லை. ஒரே வரியில் 288 × 192 / 8 × 8 என்று எழுதிவிட்டால், இடமிருந்து வலமாகப் போடுகிறவருக்கு 55,296 கற்கள் தேவைப்படும். மூலக்குறிக்கும் இதே கதிதான்: √(16 + 9) என்பது 5, √16 + 9 என்பது 13. கலப்புப் பின்னத்தில் 5 1/2 என்று இடைவெளி விட்டு எழுதுவதையும் நான் அனுமதிப்பதில்லை. இடைவெளி விடுபட்டால் 51/2 ஆகிவிடும், 5½ என்றே எழுத வேண்டும்.

பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி வேண்டாம். வாட்ஸ்அப் இரண்டு நட்சத்திரங்களுக்கு இடைப்பட்டதைத் தடித்த எழுத்தாக்கி நட்சத்திரங்களை மறைத்துவிடக்கூடும்.

கழித்தல் குறியில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. எண்ணோடு வேற்றுமை உருபைச் சேர்க்க நாம் சிறு கோட்டைப் பயன்படுத்துகிறோம்: 8-ஐ, 2019-இல். அதே கோட்டைக் கழித்தலுக்கும் போட்டு 12-5-ஐக் காண்க என்று எழுதினால், எந்தக் கோடு கணக்கைச் சேர்ந்தது, எது இலக்கணத்தைச் சேர்ந்தது என்று பிள்ளை திகைக்கும். கூட்டல் குறியின் அகலமே உடைய உண்மையான கழித்தல் குறியை இருபுறமும் இடைவெளி விட்டு, 12 − 5 இன் மதிப்பைக் காண்க என்று எழுதினால் தெளிவு.

இப்பக்கத்து வீடுகளில் பழைய கணக்கேடுகளைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முந்திரி, காணி, மாகாணி போன்ற நம் பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்டன, மகிழ்ச்சிதான். ஆனாலும் அவற்றைக் காட்டும் எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் கட்டமே தெரியும் என்பதால், ஏட்டின் பக்கத்தைப் படமெடுத்து இணைத்துவிட்டு, எழுத்தில் முந்திரி (1/320), காணி (1/80), மாகாணி (1/16) எனப் பெயரையும் அளவையும் சேர்த்தே தாருங்கள்.