மியூசிக் பிளேயர் வாங்கும்போது பேட்டரி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அப்பா ஓய்வு பெற்ற வருஷம் அவருக்கு ஒரு சின்ன எம்பி3 பிளேயர் வாங்கிக் கொடுத்தேன். காலை நடைக்குப் போகும்போது சட்டைப் பையில் அதைப் போட்டுக்கொண்டு நாகஸ்வரம் கேட்டபடியே போவார். மூன்றாவது வருஷம் ஒரு நாள், "இது ஏன்டா வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது?" என்று கொண்டுவந்து காட்டினார். திரையின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது.

மற்றபடி அந்தப் பிளேயரில் ஒரு குறையும் இல்லை. பொத்தான்கள் சரியாக அமுங்கின, பாட்டெல்லாம் பத்திரமாக இருந்தது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் நான்கு கடைகளில் "இதெல்லாம் பாக்கறதில்ல சார், புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். ஐந்தாவது கடையில் ஒரு பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் துண்டு ஒன்றால் மெதுவாக நெம்பிப் பேட்டரியை வெளியே எடுத்தார். அதன் மேல் 402540 என்று அச்சிட்டிருந்தது. "இது மாடல் நம்பர் இல்ல தம்பி, அளவு. 4 மில்லிமீட்டர் கனம், 25 அகலம், 40 நீளம். வோல்டேஜும் ஒயரும் ஒத்துப் போச்சுன்னா எந்தக் கம்பெனி பேட்டரியும் போடலாம்" என்றார். அன்று அவரிடம் இருந்தது அதைவிடச் சற்றுச் சின்னது. அதையே சால்டரிங் செய்து கொடுத்தார். முன்னைவிடக் குறைந்த நேரம்தான் பாடியது, ஆனாலும் பாடியது.

அந்தப் பிளேயரை வாங்கும்போது நான் பார்த்தது விலை, மெமரி, நிறம். அதைத் திறக்க முடியுமா, உள்ளே இருக்கும் பேட்டரி வெளியில் கிடைக்குமா என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இந்தக் கருவிகளில் முதலில் சாகப்போவது பேட்டரிதான். அதற்கு அடுத்த பேட்டரி எங்கிருந்து வரும் என்று கேட்காமல் வாங்குவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. மற்ற தவறுகளும் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

1979-ல் சோனி வெளியிட்ட முதல் வாக்மேன் கேசட் பிளேயர் இரண்டு பென்டார்ச் செல்லில் ஓடியது. உள்ளே இற்றுப்போன ரப்பர் பெல்ட்டை மாற்றினால், அதே அளவு செல்லை இன்றைக்கும் மளிகைக் கடையில் வாங்கிப் போட்டு ஓட்டலாம். 2001 அக்டோபரில் ஆப்பிள் வெளியிட்ட முதல் ஐபாட் பிளேயர் பத்து மணி நேரம் பாடும் என்றார்கள். ஆனால் பேட்டரியை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள், வாங்கியவர் தானே மாற்றுவதற்கு வழி வைக்கவில்லை. பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்று அமெரிக்காவில் வழக்குகள் போட்டார்கள். 2005-ல் ஆப்பிள் சமரசத்துக்கு வந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு வவுச்சர் கொடுத்தது. அதற்குப் பிறகும் மூடி ஒட்டும் பழக்கம்தான் உலகம் முழுக்கப் பரவியது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. அதன் பலன் நம் கடைகளுக்கும் வந்து சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எண்ணைப் பார்த்து மயங்குவது

கடையில் நாம் முதலில் கேட்பது "எத்தனை எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி)?" என்பதைத்தான். அந்த எண் தொட்டியின் கொள்ளளவு மாதிரி. குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று தெரியாமல் தண்ணீர் எத்தனை நாள் வரும் என்று சொல்ல முடியாது. பாட்டு மட்டும் பாடும் எளிய பிளேயர் 15 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 எம்ஏஎச் பேட்டரியில் 20 மணி நேரம் பாடும். பெரிய திரையும் ஆண்ட்ராய்டும் உள்ள பிளேயர் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால், 3,000 எம்ஏஎச் இருந்தும் 10 மணி நேரத்தில் படுத்துவிடும். பத்து மடங்கு பெரிய பேட்டரி, பாதி நேரம். ஆகவே கேட்க வேண்டியது மணிக்கணக்கைத்தான்.

அந்த மணிக்கணக்கிலும் கவனம் வேண்டும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் நேரம் திரை அணைந்து, புளூடூத் இல்லாமல், மிதமான ஒலியில், ஒயர் ஹெட்ஃபோனில் அளந்ததாக இருக்கும். கோப்பின் வகைகூடக் கணக்கை மாற்றும். சோனியின் என்டபிள்யூ-ஏ306 என்ற பிளேயருக்கு அந்த நிறுவனமே கொடுக்கும் கணக்கு இது: சிடி தரத்து ஃபிளாக் (ஒலித் தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு வகை) என்றால் 36 மணி, சிடியைவிட நுணுக்கமான 96 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் என்றால் 32 மணி. கருவி ஒன்றுதான், கோப்பு கனமானதும் நான்கு மணி நேரம் போய்விட்டது. இதோடு வைஃபை, புளூடூத், அடிக்கடி திரையை எழுப்பிப் பாட்டு தேடுவது எல்லாம் சேர்ந்தால் பெட்டியில் போட்ட நேரத்தில் பாதி வந்தாலே நல்லது என்று நினைத்து வாங்குங்கள்.

மணிக்கணக்கு அதிகமாக இருப்பதில் பலர் கவனிக்காத ஒரு லாபமும் உண்டு. சாதாரண லித்தியம் பேட்டரி 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கினால், அதன் கொள்ளளவு பழைய அளவில் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பாதி பாதியாக இரண்டு முறை ஏற்றினால் அது ஒரு முறைதான். தினமும் நான்கு மணி நேரம் கேட்பவர் 8 மணி நேரப் பிளேயர் வாங்கினால் இரண்டு நாளைக்கு ஒரு முழுச் சுற்று. 500 சுற்று மூன்று வருஷத்துக்குள் முடிந்துவிடும். அவரே 30 மணி நேரப் பிளேயர் வாங்கியிருந்தால் வாரத்துக்கு ஒரு சுற்றுதான். அந்தப் பேட்டரி சுற்று முடிந்து சாவதற்கு முன் வயதாகித்தான் சாகும். 80 சதவீதத்துக்கு இறங்கிய பிறகும் 24 மணி நேரம் பாடும். எட்டு மணிக்காரருக்கோ ஆறு சொச்சம்தான் மிஞ்சும்.

எந்தப் பேட்டரி போட்ட பிளேயர்?

என் வரிசையில் முதல் இடம், மூடியைத் திறந்து கையால் மாற்றக்கூடிய பேட்டரி உள்ளதற்கு. நம் ஊர்க் கடைகளில் எஃப்எம், பென் டிரைவ், மெமரி கார்டு மூன்றும் போடக்கூடிய சின்னப் பெட்டிகள் தொங்குகின்றனவே, அவற்றில் பலவற்றில் இருப்பது பழைய நோக்கியா போனுக்கு வந்த பிஎல்-5சி பேட்டரி. டீக்கடைக்காரர், பூக்காரம்மா, வயலுக்குப் போகிறவர் என்று எத்தனையோ பேர் அந்தப் பெட்டியை வருஷக்கணக்கில் ஓட்டுவதற்குக் காரணம், அந்தப் பேட்டரி தாலுகா தலைநகர் செல்போன் கடையிலும் கிடைக்கிறது என்பதுதான். ஒலித் தரத்தில் அந்தப் பெட்டிகளைப் பெரிதாகச் சொல்ல முடியாது. ஆனால் பத்து வருஷம் பாட வேண்டும் என்றால் இந்த ஏற்பாட்டை மதிக்கத்தான் வேண்டும்.

வேறு சில பெட்டிகளில் 18650 என்ற உருளை செல் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 நீளம். இங்கேதான் ஏமாற்று வேலை அதிகம். நல்ல நிறுவனத்தின் 18650 செல்லே பொதுவாக 3,500 எம்ஏஎச்சை ஒட்டித்தான் நிற்கும். மேலே 9,900 என்று அச்சடித்த செல் கையில் கிடைத்தால் யோசிக்காமல் திருப்பிக் கொடுங்கள். அந்த உருளைக்குள் அவ்வளவு அடைக்க வழியே இல்லை. எண்ணில் பொய் சொன்னவர் பாதுகாப்பில் மட்டும் உண்மையாக இருந்திருப்பார் என்று நம்ப முடியாது.

ரிமோட்டில் போடும் டிரிபிள் ஏ செல்லில் ஓடும் கருவிகளும் இன்னும் உண்டு. பிளேயர் என்று தேடினால் குறைவு. வாய்ஸ் ரெக்கார்டர் என்று தேடுங்கள், அவற்றில் பல எம்பி3 பாடும். இதற்கு ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் நான்கு வாங்கி, இரண்டு உள்ளே, இரண்டு சார்ஜரில் என்று வைத்துக்கொண்டால் கவலையே இல்லை. நிக்கல் செல் 1.2 வோல்ட், சாதாரண செல் 1.5 வோல்ட். அதனால் புதிதாக ஏற்றிய செல் போட்டாலும் சில கருவிகள் பேட்டரி குறைவு என்று காட்டும். அமைப்பில் செல் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருந்தால் அதைச் சரியாக வையுங்கள். நீண்ட நாள் பயன்படுத்தப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றிவிடுங்கள். கசிந்து பச்சைப் பூத்த முனைகளால் வீணாகிப்போன டார்ச்சும் ரேடியோவும் இல்லாத வீடு உண்டா?

மூடி ஒட்டியதுதான் பிடித்திருக்கிறது என்றால் அதையே வாங்குங்கள், தவறில்லை. நல்ல ஒலி தரும் பிளேயர்களில் பெரும்பாலானவை அப்படித்தான் வருகின்றன. வாங்கும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அந்த மாடலைத் திறந்து பேட்டரி மாற்றும் வீடியோ யூடியூபில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். யாராவது ஒருவர் திறந்திருந்தால் நம் கடைக்காரரும் திறப்பார்.

பழைய ஐபாட் வாங்கும் ஆசை

2022 மே மாதம் ஆப்பிள் ஐபாட் வரிசையையே நிறுத்திவிட்டது. அதிலிருந்து பழையதைத் தேடி வாங்கும் ஆசை இளைஞர்களுக்கு வந்திருக்கிறது. அழகான கருவிதான், மறுக்கவில்லை. "பெட்டியே பிரிக்காதது" என்று விற்பவர் சொன்னதும் விலையைக் கூட்டிக் கொடுப்பதுதான் தவறு. லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் வயதாகும். பத்து வருஷம் அட்டைப்பெட்டிக்குள் இருந்த பேட்டரியைப் புதியது என்று எண்ணக்கூடாது. வாங்கும் விலையோடு புதுப் பேட்டரியும் மாற்றும் கூலியும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். முதல் தலைமுறை ஐபாட் நானோவாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. 2005 செப்டம்பரிலிருந்து 2006 டிசம்பர் வரை விற்றவற்றில் பேட்டரி சூடாகும் ஆபத்து இருப்பதாகச் சொல்லி, 2011-ல் ஆப்பிளே திரும்ப அழைத்துக்கொண்டது.

ஆண்ட்ராய்டா, எளிய பிளேயரா என்ற குழப்பத்தில் தமிழ் வாசகர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. விலை குறைந்த எளிய பிளேயர்கள் பலவற்றில் தமிழில் பெயரிட்ட பாட்டு கட்டம் கட்டமாகத் தெரியும், இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆண்ட்ராய்டில் தமிழ் ஒழுங்காக வரும், பேட்டரி கரையும். நான் பேட்டரியின் பக்கம்தான். கோப்புகளின் பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றி, முன்னால் 01, 02 என்று எண் போட்டுவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் பிடித்தது. ஆண்ட்ராய்டுதான் வேண்டும் என்றால், கேட்டு முடித்ததும் திரையை அணைத்து வைத்துவிடாமல் கருவியையே அணைத்துவிடுங்கள். சும்மா கிடக்கும்போதே சார்ஜ் இறங்கும் என்பது இவற்றின் குணம்.

நல்ல பேட்டரியை நாமே கெடுப்பது

அப்பாவுக்கு அடுத்து வாங்கிய பிளேயர் ஒரு வாரத்தில் சார்ஜ் ஏறவில்லை என்று வந்தது. பேட்டரி போய்விட்டது என்றே நினைத்தேன். பார்த்தால் அவர் என் போன் சார்ஜரில் இருந்த, இரண்டு முனையும் டைப்-சி உள்ள ஒயரைச் செருகியிருக்கிறார். டைப்-சி துளை உள்ள சார்ஜர், எதிரே கருவி இருக்கிறது என்று அடையாளம் தெரிந்தால்தான் மின்சாரம் விடும். அந்த அடையாளத்துக்கான சின்ன ரெசிஸ்டர்களை மலிவான பிளேயர்களில் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு முனை பழைய செவ்வக யுஎஸ்பியாக உள்ள ஒயரை, அது பொருந்தும் சார்ஜரில் போட்டதும் உடனே ஏறத் தொடங்கியது. சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

வெயில் லித்தியத்துக்கு எமன். பூட்டிய காரின் டாஷ்போர்டில் சித்திரை மாத மதியம் பிளேயரை விட்டுவிட்டுப் போவது, சூடாக இருக்கும்போதே சார்ஜ் போடுவது இரண்டையும் அடியோடு நிறுத்துங்கள். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றவே கூடாது. நம் ஊர்க் கோடையில் நிறுத்திய காருக்குள் அந்த அளவு சாதாரணமாகத் தாண்டும்.

டிராயரில் மாதக்கணக்கில் வைக்கப்போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுதாக இறங்கிய நிலையில் வைத்தால், மிச்சமிருப்பதும் மெல்லக் கசிந்து, ஒரு கட்டத்துக்குக் கீழே போனதும் உள்ளே இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று பேட்டரியைப் பூட்டிவிடும். அப்புறம் எந்த ஒயரைச் செருகினாலும் பிளேயர் கண் திறக்காது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் போதும்.

உப்பிய பேட்டரி கண்ணில் பட்டால் அதை அமுக்கி மூடி, டேப் ஒட்டிப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குத்தினாலோ மடங்கினாலோ தீப்பிடிக்கும் பொருள் அது. சார்ஜ் போடாதீர்கள், நீங்களே கத்தியை வைத்து நெம்பாதீர்கள். முனைகள் வெளியே தெரிந்தால் அவற்றின் மேல் செலோ டேப் ஒட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில், துணி, காகிதம் பக்கத்தில் இல்லாமல் தனியாக வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் அதைக் கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். அப்பாவின் பிளேயரிலிருந்து எடுத்ததைக் கடைக்காரப் பெரியவர் வாங்கி, மணல் போட்ட ஒரு பெயிண்ட் டப்பாவுக்குள் தனியாக வைத்தார்.