ஆர்கானிக் உணவும் பெருநிறுவனங்களும்: நாம் சறுக்கும் இடங்கள்

பெட்டியின் மேல் பச்சை வயல், ஒரு மரக் கொட்டகை, மேயும் பசு. பார்த்ததுமே, ஏதோ ஒரு விவசாயக் குடும்பம் தானே விளைவித்துத் தானே அனுப்பியது என்று நினைத்துவிடுகிறோம். முதல் தவறு இதுதான். பண்ணையின் பெயர் பழையதாகவே இருக்கும், முதலாளி மாறியிருப்பார். அமெரிக்காவில் 1972-ல் சிறு பண்ணையாகத் தொடங்கிய கேஸ்கேடியன் ஃபார்ம் இன்று ஜெனரல் மில்ஸ் என்ற பெரிய உணவு நிறுவனத்தின் ஒரு பிராண்டு. அதே நிறுவனம் 2014-ல் ஆனீஸ் என்ற ஆர்கானிக் நிறுவனத்தைச் சுமார் 82 கோடி டாலருக்கு வாங்கியது. ஆர்கானிக் பொருளுக்குப் பேர்போன ஹோல் ஃபுட்ஸ் கடைகள் 2017-ல் அமேசானிடம் போனது ஊரறிந்த சங்கதி.

இது தெரிந்ததும் பலர் நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்: பெரிய கம்பெனி கையில் போனால் எல்லாமே போலி. இதுவும் தவறுதான். சான்றிதழ் விதி முதலாளியைப் பார்ப்பதில்லை. ‘ஆர்கானிக்’ என்று விற்க, உப்பும் நீரும் போக, உட்பொருட்களில் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக்காக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அது சின்னப் பண்ணைக்கும் பெரிய கம்பெனிக்கும் ஒன்றுதான். சரி, பெரியவர்கள் வந்ததால் விளைநிலம் கூடியது, சாதாரணக் கடைக்கும் பொருள் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் சிக்கல் எங்கே? பொட்டலத்துக்குள் தேடினால் கிடைக்காது, கொள்முதல் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நிலத்தை ஆர்கானிக்காக மாற்ற மூன்று ஆண்டுகள் தடைசெய்யப்பட்ட ரசாயனம் படாமல் வைத்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் செலவு ஆர்கானிக் செலவு, விலை மட்டும் சாதாரண விலை. இத்தனையும் தாண்டி வரும் விவசாயிக்குப் பெரும்பாலும் வாங்குபவர் ஒரே ஒருவர். 2021-ல் ஹொரைசன் ஆர்கானிக் பால் பிராண்டை அப்போது வைத்திருந்த பிரெஞ்சு உணவு நிறுவனமான டனோன், அமெரிக்காவின் வடகிழக்கில் 89 பண்ணைகளிடம் பால் எடுப்பதை நிறுத்தப் போவதாகச் சொன்னது. பாலில் குறை ஒன்றும் இல்லை. சிதறிக் கிடக்கும் சின்னப் பண்ணைகளுக்கு லாரி அனுப்புவதைவிட, ஒரே இடத்தில் நிறையக் கறக்கும் பண்ணை கட்டுப்படியாகும், அவ்வளவுதான். எதிர்ப்பு கிளம்பிய பிறகு கெடு சில மாதம் தள்ளிப்போனது. கடையில் அட்டைப்பெட்டி அப்படியே இருந்தது. வாங்குகிறவருக்கு எதுவும் தெரிந்திருக்காது.

விதிகள் ஒருமுறை எழுதியதோடு முடிந்தன என்று நினைப்பது இன்னொரு தவறு. மாட்டைத் தொழுவத்திலேயே வைத்துத் தீனி போட்ட பெரிய பண்ணைகள் மேல் புகார் குவிந்த பிறகுதான், ஆண்டுக்கு 120 நாளாவது மேய்க்க வேண்டும் என்ற திட்டவட்டமான விதி 2010-ல் வந்தது. மண்ணே இல்லாமல் நீரில் வளர்ப்பதற்கு ஆர்கானிக் முத்திரை தரலாமா என்ற கேள்வி 2017-ல் அமெரிக்க அரசின் ஆர்கானிக் ஆலோசனைக் குழுவின் முன் வந்தபோது, தடை வேண்டும் என்ற தீர்மானம் 8-க்கு 7 என்ற கணக்கில் தோற்றது. பசுமைக்குடில் அமைத்துப் பெரிய அளவில் வளர்ப்பவர்களுக்கு இது எவ்வளவு சாதகம் என்று சொல்லத் தேவையில்லை. (மண்ணைப் பேணுவதுதான் ஆர்கானிக்கின் அடிப்படை என்று படித்து வளர்ந்த எனக்கு இது இன்னும் செரிக்கவில்லை.)

அப்புறம், ‘நேச்சுரல்’ என்ற சொல்லை ஆர்கானிக்காக எடுத்துக்கொள்வது. அதற்குப் பின்னால் அப்படி ஒரு சான்றிதழே கிடையாது. வாங்கும்போது முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: சான்றளித்த அமைப்பின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். பிராண்டின் உரிமையாளர் யார் என்பது பெரும்பாலும் அங்கேகூட இருக்காது, அதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.