சிறு விமானங்கள் ஏன் விழுகின்றன? திரும்பத் திரும்ப நடக்கும் பழைய தவறுகள்

நான்கு பேர் உட்காரக்கூடிய சிறு விமானம் ஒன்று விழுந்துவிட்டது என்று செய்தி வந்தால், பலரும் முதலில் கேட்பது "எஞ்சின் நின்றுபோச்சா?" என்றுதான். நிற்பதுண்டு. ஆனால் விசாரணை அறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், பல விபத்துகளில் எஞ்சின் கடைசி நொடி வரை நன்றாகவே ஓடியிருக்கும். தனியார் சிறு விமானங்கள் மிக அதிகமாகப் பறக்கும் நாடு அமெரிக்கா. விபத்துப் பதிவுகளும் அங்கே விரிவாகக் கிடைக்கின்றன. அந்தக் கணக்குப்படி 1 லட்சம் மணி நேரப் பறத்தலுக்கு ஏறத்தாழ 1 விபத்து உயிரைப் பறிக்கிறது. பெரிய பயணிகள் விமானங்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. இந்த விபத்துகளில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு விமானியின் முடிவோ கைத்திறனோதான் காரணம்.

படிக்கப் படிக்க எனக்கு வருத்தம் தருவது ஒன்றுதான்: யாரும் புது மாதிரியாக விழுவதில்லை. 1959-ல் ஒரு விமானம் எதனால் விழுந்ததோ, கிட்டத்தட்ட அதனாலேயே 1999-லும் விழுந்திருக்கிறது. இன்னொரு பக்கம் பார்த்தால், தெரிந்த காரணத்தைத் தடுக்கவும் முடியும். பறக்கக் கற்றுக்கொள்பவர்களுக்காகவும், அவர்கள் பக்கத்தில் உட்காரப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அடிவானம் தெரியாத இடத்துக்குள் போவது

1959 பிப்ரவரி 3, அதிகாலை ஒரு மணிக்குச் சற்று முன்பு, அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் அருகே ஒரு பீச்கிராஃப்ட் பொனான்சா சிறு விமானம் புறப்பட்டது. ராக் இசைக் கலைஞர்கள் பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், 'பிக் பாப்பர்' மூவரும் அதில் இருந்தார்கள். விமானிக்கு 21 வயது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி அவரிடம் இல்லை. இருட்டு, லேசான பனிப்பொழிவு, கீழே விளக்கே இல்லாத வயல்வெளி. புறப்பட்ட சில நிமிடங்களில் விமானம் தரையில் மோதியது; நால்வரும் இறந்தார்கள்.

1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு பைப்பர் சரட்டோகா விமானத்தில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கிப் பறந்தார். கரையோரமாகப் போனவரை ஊர் விளக்குகள் தெரிந்தன. கடைசிப் பகுதியில் கரையை விட்டுவிட்டு நேராகக் கடல் மேல் போனார். மூடுபனி போன்ற மங்கல். கடல் எது, வானம் எது என்று தெரியாத இருட்டு. முடிவில் விமானம் நிமிடத்துக்கு 4,700 அடிக்கும் கூடுதலான வேகத்தில் இறங்கிக் கடலில் விழுந்தது. எஞ்சினில் கோளாறு எதுவும் இல்லை. திசையுணர்வு குழம்பியதால் கட்டுப்பாட்டை இழந்தார் என்று விசாரணை முடிந்தது.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்போம். நம் உட்செவியில் திரவம் நிறைந்த மூன்று சிறு வளையங்கள் இருக்கின்றன. தலை திரும்பினால் அந்தத் திரவம் பின்தங்கி அசைவதை வைத்துத்தான் மூளை "திரும்புகிறோம்" என்று அறிகிறது. மெதுவாகத் திரும்பினால் அதற்குத் தெரியவே தெரியாது. ஒரே சீராக 20 நொடி போலத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் வளையத்தோடு சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் நேராகப் போவதாகவே தோன்றும். வெளியே அடிவானம் தெரிந்தால் கண் உடனே திருத்திவிடும். தெரியாவிட்டால், ஓர் இறக்கை தாழ்ந்து விமானம் திரும்பத் தொடங்கியது விமானிக்குத் தெரியாது. மூக்கு தாழும், வேகம் ஏறும், உயரம் குறையும். அதைப் பார்த்து அவர் கட்டுப்பாட்டுப் பிடியைப் பின்னால் இழுப்பார். இறக்கை சாய்ந்திருக்கும்போது இழுத்தால் விமானம் மேலே ஏறாது, திருப்பம்தான் இன்னும் இறுகும். சுழல் வளையமாகக் கீழே வந்துகொண்டே இருக்கும். கருவியைப் பார்த்து இறக்கையைச் சமன் செய்தால், எதிர்ப்பக்கம் திரும்புவதுபோல் உடம்பு அடம்பிடிக்கும். பழக்கமில்லாதவர் உடம்பைத்தான் நம்புவார்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-ல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்தே காட்டியது. கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துவிட்டுப் பறக்கச் சொன்னார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடியில். மூன்று நிமிடம்கூட இல்லை.

அதனால் மேகத்துக்குள் போன பிறகு என்ன செய்வது என்று யோசிப்பது தாமதம். முன்னே பார்வை மங்க ஆரம்பிக்கும்போதே திரும்பிவிட வேண்டும், பின்னால் தெளிவாக இருக்கிறது என்பது நிச்சயமாகத் தெரிந்திருக்கும்போதே. "இத்தனை அடிக்குக் கீழே மேகம் இறங்கினால் திரும்புவேன்" என்ற எண்ணைத் தரையிலேயே, காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலே போன பிறகு மனசு பேரம் பேசும். எழுதிய எண் பேரம் பேசாது.

ஓடுபாதைக்குத் திரும்பும் கடைசித் திருப்பம்

உயிர்ப்பலி விபத்துகளில் முதலிடம் பறக்கும்போது கட்டுப்பாட்டை இழப்பதற்குத்தான். அதில் பெரும்பகுதி ஸ்டால். இதற்கும் எஞ்சினுக்கும் சம்பந்தமில்லை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், சாதாரண சிறு விமானங்களில் 15 முதல் 18 டிகிரி வாக்கில், மேல்பரப்பில் ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடும். தூக்குவிசை சட்டென்று குறையும். உயரம் இருந்தால் மூக்கைத் தாழ்த்தி மீட்டுவிடலாம்; எல்லா மாணவர்களும் இதைப் பழகியவர்கள்தான். சிக்கல், உயரம் இல்லாத இடத்தில் வருவது.

வழக்கமான காட்சி இது. விமானம் ஓடுபாதைக்குக் குறுக்காக வந்து, இடப்பக்கம் திரும்பி அதற்கு நேராக வர வேண்டும். உயரம் 500 அடி இருக்கலாம். பின்காற்று தள்ளிவிடுகிறது, திருப்பம் தாமதமாகி, ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிடுகிறது. தரை பக்கத்தில் இருப்பதால் இறக்கையை இன்னும் சாய்க்க விமானிக்குப் பயம். அதனால் இடது காலால் ரடர் பெடலை (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகையின் மிதியை) அழுத்தி மூக்கை மட்டும் உள்ளே இழுக்கப் பார்க்கிறார். வெளிப்பக்க இறக்கை வேகமெடுத்து மேலே எழும்புகிறது, சாய்வு கூடுகிறது. அதைத் தடுக்கக் கட்டுப்பாட்டுப் பிடியை எதிர்ப்பக்கம் திருப்புகிறார். மூக்கு தாழ்கிறது, பின்னால் இழுக்கிறார். அவ்வளவுதான், உள்பக்க இறக்கை முதலில் ஸ்டாலாகி, விமானம் அந்தப் பக்கம் புரண்டு சுழலத் தொடங்கும். 500 அடியில் அதை மீட்க இடமே கிடையாது.

உயரம் குறையாமல் திரும்பும்போது சாய்வு கூடக் கூட ஸ்டால் வேகமும் ஏறும் என்பதை எண்ணிக்கையாகவே நினைவில் வையுங்கள். நேராகப் பறக்கையில் 50 நாட் (knot, விமான வேகத்தின் அலகு) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், 30 டிகிரி சாய்வில் 54 நாட் வேகத்திலும், 45 டிகிரியில் ஏறக்குறைய 60 நாட் வேகத்திலும், 60 டிகிரியில் 71 நாட் வேகத்திலும் ஸ்டால் ஆகும்.

கோடு தாண்டிவிட்டதா? சரி, விட்டுவிடுங்கள். எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலே ஏறி இன்னொரு சுற்று வாருங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும். நல்ல விமானிகள் இதைக் கூச்சமில்லாமல் செய்வார்கள்.

புறப்பட்டவுடன் எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்கே திரும்பப் பார்ப்பதும் இதே ஸ்டாலில்தான் முடிகிறது. போதுமான உயரம் இல்லையென்றால் முன்னால் தெரியும் பரப்பில் ஏதாவது ஓர் இடத்தில், வேகத்தைக் கைவிடாமல் இறங்குவதே பிழைக்கும் வழி. விமானம் நொறுங்கலாம், ஆள் நடந்து வெளியே வர வாய்ப்பு அதிகம்.

தாழ்வாகப் பறந்து வித்தை காட்டுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1980 ஜூன் 23 அன்று டெல்லி சஃப்தர்ஜங் விமான நிலையத்தின் அருகே சஞ்சய் காந்தியின் பிட்ஸ் விமானம் விழுந்தது சாகசம் செய்தபோதுதான். கூட இருந்த அனுபவமிக்க விமானியும் இறந்தார். தவறைத் திருத்த உயரம் வேண்டும்.

எரிபொருள், பனி, எடை

எரிபொருள் தீர்ந்து விழுவது கேட்கவே நம்ப முடியாத காரணம். இருந்தும் நடக்கிறது. சில விபத்துகளில் ஒரு டேங்க் காலி, இன்னொன்றில் நிறைய இருந்திருக்கும். மாற்றும் குமிழைத் திருப்ப மறந்திருப்பார்கள். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்தது இந்தக் குமிழால். அவருடைய லாங்-ஈஸி விமானத்தைக் கட்டியவர், அதை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். புறப்படுவதற்கு முன் எரிபொருள் குறைவாக இருந்தது, நிரப்பிக்கொள்ளவில்லை. பறக்கும்போது குமிழைத் தொட உடம்பை இடப்பக்கம் முறுக்கியபோது, வலது கால் தன்னையறியாமல் ரடர் பெடலை அழுத்தியிருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. தரையில் பத்து நிமிடம் செலவழித்து நிரப்பியிருந்தால் அந்தக் குமிழைத் தேட வேண்டிய தேவையே வந்திருக்காது.

டேங்க் மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பாருங்கள். முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். சிறு விமானங்களில் அதிகம் பயன்படும் 100எல்எல் பெட்ரோல் இளநீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமற்ற தனிப் படிவாக நிற்கும். குப்பி முழுக்கவே தண்ணீராக இருந்தால் பிரிகோடு தெரியாது; அதனால் நிறத்தையும் பார்க்க வேண்டும், முகர்ந்தும் பார்க்க வேண்டும்.

கார்பரேட்டரில் பனி கட்டுவது குளிர்காலச் சமாசாரம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உள்ளே காற்று விரிவதாலும் எரிபொருள் ஆவியாவதாலும் வெப்பநிலை வெகுவாக விழுகிறது. வெளியே 20 டிகிரி செல்சியஸும் ஈரக்காற்றும் இருந்தாலும் உள்ளே பனி கட்டும். எஞ்சின் சுழற்சி மெல்லக் குறைவது முதல் அறிகுறி. சூடான காற்றைத் திறந்துவிட்டால் பனி உருகித் தண்ணீராக எஞ்சினுக்குள் போகும். அப்போது எஞ்சின் முன்னைவிட மோசமாகத் திக்கித் திணறும். பயந்துபோய் அதை மூடிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. பொறுத்துக்கொண்டு முழுமையாகத் திறந்தே வைத்திருங்கள்.

எடையும் மெல்லிய காற்றும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு 1996 ஏப்ரல் 11 அன்று வயோமிங்கின் ஷயானில் நடந்ததைவிட வேறு சான்று தேவையில்லை. 7 வயதுச் சிறுமி ஜெசிகா டுப்ராஃப் விமானம் ஓட்டி அமெரிக்காவைக் கடக்கிறாள் என்று தொலைக்காட்சிகள் பின்தொடர்ந்தன. 6,000 அடிக்கு மேல் உயரத்தில் இருக்கும் விமான நிலையம், காற்று மெல்லியது. விமானத்தில் அனுமதித்ததைவிட 96 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 43 கிலோ கூடுதல். இடிமேகம் நெருங்குகிறது. அவ்வளவு இருந்தும் பயிற்றுநர் புறப்பட முடிவெடுத்தார். விமானம் ஏற முடியாமல் ஸ்டாலாகி விழுந்தது. சிறுமி, தந்தை, பயிற்றுநர் மூவரும் இறந்தார்கள். ஊடகங்களுக்குக் கொடுத்த வாக்கும் இறுக்கமான பயணத் திட்டமும் அந்த முடிவைத் தள்ளின என்று விசாரணை வாரியமே எழுதியது. அந்தக் குழந்தையின் வயது எனக்கு மறப்பதே இல்லை.

இன்னும் ஒன்று, கண்ணுக்குத் தெரியாதது. பல சிறு விமானங்களில் புகைபோக்கிக் குழாயின் சூட்டில்தான் அறையைச் சூடாக்குகிறார்கள். குழாயில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். 2019 ஜனவரி 21 அன்று கால்பந்து வீரர் எமிலியானோ சாலா இறந்த பைப்பர் மாலிபு விபத்தில், அவருடைய இரத்தத்தில் ஹீமோகுளோபினில் 58 சதவீதத்தை அந்த வாயு பிடித்திருந்தது. எச்சரிக்கை ஒலி எழுப்பும் சிறு கருவி ஒன்றை வைத்திருப்பது கட்டாயம் என்றே நான் சொல்வேன்.

பயணியாகப் போகிறவர்களுக்கு

விமானியை "போய்ச் சேர்ந்தே ஆகணும்" என்ற நிலைக்குத் தள்ளுவது பல நேரம் கூட வருபவர்கள்தான், அதுவும் தெரியாமலேயே. திருமணத்துக்கோ கூட்டத்துக்கோ நேரமாகிறது என்று சொல்லிவிட்டால் போதும், மேகத்தைப் பார்த்த அவருடைய கணக்கு மாறிவிடும். புறப்படுவதற்கு முன்பே, "இன்னிக்கு முடியலைன்னா நாளைக்குப் போகலாம், இல்லைன்னா வண்டியில போயிடலாம்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். புறப்படும்போதும் இறங்கும்போதும் பேச்சுக் கொடுக்காதீர்கள். கதவைத் திறப்பது, பெல்ட்டைக் கழற்றுவது இரண்டையும் ஏறியவுடன் ஒரு முறை செய்து பாருங்கள்.

சிர்ரஸ் மாதிரி விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் இருக்கிறது. 2002-ல் டெக்சாஸில் ஒரு சிர்ரஸில் அது முதல் முறையாக ஓர் உயிரைக் காப்பாற்றியது. இருந்தும், அதை இழுக்காமலேயே விமானிகள் விழுந்த விபத்துகள் நிறைய. கைப்பிடி கூரையில் மூடிக்குள் இருக்கும். விமானிக்கு மயக்கம் வந்தால் இழுக்க வேண்டியவர் நீங்கள்தான். எப்போது இழுப்பது, முதலில் எதை நிறுத்துவது என்று கிளம்பும் முன் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.