சர்க்கரைக்குப் பொடி வாங்கும் முன்

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வு சொல்கிறது. கடைகளில் சிறுகுறிஞ்சான், நாவல் கொட்டை, பாகற்காய்ப் பொடிகள் இப்படிக் குவிவதில் வியப்பில்லை. சாப்பிடுவதாக இருந்தால் டப்பாவை அப்படியே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும். பொடியும் இந்த மருந்தும் சேர்ந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கலாம். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைச் சோதித்துப் பாருங்கள். பொடியை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று வைட்டமின் பி12. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் இந்தச் சத்து குறையலாம். சைவ உணவுக்காரர்களுக்கு இன்னும் சீக்கிரம். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடுவோம். பி12 குறைவாலும் அப்படி ஆகும். அடுத்த முறை எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுக்கும்போது பி12-உம் பார்க்கலாமா என்று கேளுங்கள். குறைவு என்றால் அதற்கான மாத்திரையோ ஊசியோ டாக்டரே எழுதித் தருவார்.