புதிதாக எடை தூக்குகிறீர்களா? வாரம் 2 நாளே போதும்

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே ஆறு நாளும் போய், திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு என்று பிரித்துப் போட்டுத் தாக்கி, ஏழாம் நாள் படி இறங்க முடியாமல் உட்கார்ந்து, அத்தோடு விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவ்வளவு தேவையே இல்லை. இதுவரை பளு தூக்காத உடம்புக்குக் கொஞ்சம் கொடுத்தாலே தசை வளரும். வாரம் 2 அல்லது 3 நாள், ஒவ்வொரு முறையும் முழு உடம்புக்கும், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு.

ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), புஷ்-அப், டம்பெல் ரோ (குனிந்து டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது), ரொமேனியன் டெட்லிஃப்ட் (முதுகை நேராக வைத்து, இடுப்பிலிருந்து குனிந்து பளுவோடு நிமிர்வது), ஷோல்டர் பிரஸ் (பளுவைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது). இந்த ஐந்தே போதும். (பைசெப்ஸ் ஆசை இருந்தால் கடைசியில் ஒரு செட் கர்ல், அதாவது முழங்கையை மடக்கிப் பளுவைத் தூக்குவது, போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை.) ஒவ்வொன்றிலும் 2 செட், செட்டுக்கு 8 முதல் 12 ரெப், நடுவே 2 நிமிட ஓய்வு. (அசைவை ஒருமுறை முழுதாகச் செய்வது ஒரு ரெப்; ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ரெப்கள் சேர்ந்தது ஒரு செட்.) முதல் இரண்டு வாரம் 1 செட்டோடு நிறுத்தி, அசைவைச் சரியாகப் பழகுங்கள்.

பழகிய பிறகு பலர் கோட்டை விடுவது இங்கேதான்: செட்டை எண்ணுகிறார்கள், அது கடினமாக இருந்ததா என்று பார்ப்பதில்லை. 12 முடித்த பிறகும் இன்னொரு 10 சுலபமாக வரும் என்றால் அது வெறும் கையசைப்பு. இன்னும் 2, 3 ரெப்தான் ஒழுங்காக வரும் என்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். அந்த இடத்தைத் தொட்டுவிட்டால், பளு குறைவாக இருந்து ரெப் 20 வரை போனாலும் தசை வளரும், அதனால் பக்கத்தில் இருப்பவர் எத்தனை கிலோ தூக்குகிறார் என்று பார்க்காதீர்கள்.

ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 10 கிலோவில் இரண்டு செட்டும் 12 வந்துவிட்டதா, அடுத்த முறை 12 கிலோ எடுங்கள்; ரெப் 8 அல்லது 9க்கு இறங்கும், அப்புறம் மெல்ல ஏறும். முதல் சில வாரங்களில் ஏறும் பலம் பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால் வருவது. கண்ணாடியில் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

சாப்பாட்டில், உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம்: 60 கிலோ என்றால் நாளுக்கு 96 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

மறுநாள் தசை வலிக்கும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். வலிக்காவிட்டாலும் வளர்ச்சி நிற்காது. மூட்டில் சுருக்கென்று குத்தினால் மட்டும் உடனே நிறுத்துங்கள். நன்றாகத் தூங்கி, சாப்பிட்டும் நோட்டில் எண்கள் பல வாரமாக நகரவில்லையா, அப்போது மூன்றாவது செட்டைச் சேருங்கள்.