நிமிர்ந்தால் கண் இருட்டியது: என் அனுபவம்
எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து 6 வருடம். போன சித்திரையில் வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தேன், கண் இருட்டி விழுந்தேன். அதே வாரம் இன்னொரு முறை. சர்க்கரை குறைவோ என்று மிட்டாய் சப்பினேன், பலனில்லை.

டாக்டர் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார், மேல் அளவு 118. நிற்கவைத்தார், 90. சிறுநீரோ நல்லெண்ணெய் நிறம். சின்ன வயிற்றில் மடமடவென்று தண்ணீர் குடிக்க முடியாமல், நாளுக்கு அரை லிட்டரோடு நின்றிருந்தேன். போதாததற்கு, 30 கிலோ குறைந்த பிறகும் பழைய பிரஷர் மாத்திரை, அதுவும் நீர் பிரிக்கும் வகை! டாக்டர் நிறுத்தினார் (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்).

அப்புறம், ஓஆர்எஸ் ஒரு பாக்கெட்டை 1 லிட்டரில் கரைத்து, கால் மணிக்கு இரண்டு மடக்கு. சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் தண்ணீர். மகள் வைத்த அலாரம் எரிச்சல்தான், ஆனால் அதற்குப் பிறகு விழவில்லை.